காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதுதான் போய்ச் சேரவில்லை

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான், 10 வயதாகப்போகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்கள் குறை ஏதும் சொன்னதில்லை. போன ஆண்டிலிருந்துதான் புகார்கள் வர ஆரம்பித்தன: சொன்னதைக் கவனிப்பதில்லை, “என்ன? என்ன?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான், “அறிவியல் புத்தகத்தை எடு, 32ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுது” என்றால் புத்தகத்தை எடுத்ததோடு நின்றுவிடுகிறான். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாக வருகிறது, வாக்கியமாகக் கொடுக்கும் கணக்குகளில்தான் தடுமாறுகிறான். தமிழில் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதுகிறான். வீட்டில் பாட்டியோடு முழுக்கத் தமிழ், அப்பா அம்மாவோடு பாதித் தமிழ் பாதி ஆங்கிலம்.

பலதுறை மருந்தகக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போய்க் காதைச் சோதித்திருக்கிறார்கள். எல்லாம் சரி என்று முடிவு வந்தது. அப்புறம் துணைப்பாட வகுப்பில் பழக்கமான இன்னொரு தாய், “இது செவிவழிச் செயலாக்கக் குறைபாடாக இருக்கும்” என்று சொல்லி ஒரு தனியார் நிலையத்துக்கு வழிகாட்டியிருக்கிறார். அங்கே சோதனையோடு, ஹெட்ஃபோனில் இசை கேட்கும் 20 அமர்வுகளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு வீட்டில் தமிழை நிறுத்திவிடவும் சொல்லியிருக்கிறார்கள். கணவருக்குச் சோதனையே வேண்டாம். “ஒரு பெயர் வைத்துவிட்டால் அது உயர்நிலைப் பள்ளிவரைக்கும் பின்னாலேயே வரும்” என்பது அவர் பயம். மாமியார் கைபேசியைத்தான் குற்றம் சொல்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகள் இரண்டு. “சின்ன வயதில் அடிக்கடி சளி பிடிக்கும், காதுக்குள் நீர் இருக்கிறது என்று டாக்டர் சொல்வார், இப்போது அதெல்லாம் இல்லை.” இன்னொன்று, மகன் ஓர் இரவு சொன்னது: “அம்மா, கிளாஸ்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரியே இருக்கு.”

அன்புச் சகோதரிக்கு,

நான் குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது மனத்தில் நின்றது மகன் சொன்ன அந்த வாக்கியம். இரண்டாம் முறை, அந்த வாக்கியக் கணக்குகள். இரண்டும் வெவ்வேறு திசையைக் காட்டுகின்றன. அதனால்தான் உடனே போய் அந்தச் சோதனையை எடுங்கள் என்றோ, வேண்டவே வேண்டாம் என்றோ என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

முதலில், மருத்துவமனையில் என்ன சோதித்தார்கள் என்று பார்ப்போம். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒரு காதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ‘பீப்’ ஒலியைக் கொடுத்து, எவ்வளவு மெல்லிய ஒலிவரை அவனுக்குக் கேட்கிறது என்று அளந்திருப்பார்கள். வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. அது மிக அவசியமான சோதனை, அதில் தேறியது நல்ல செய்தி. ஆனால் வகுப்பறையில் யாரும் அவனிடம் ‘பீப்’ என்று பேசுவதில்லை. மின்விசிறி சுற்றுகிறது, திறந்த சன்னல் வழியே பக்கத்து வகுப்பின் சத்தம் வருகிறது, நாற்காலி தரையில் உரசுகிறது, இத்தனைக்கும் நடுவே ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அது மூளையின் வேலை. காது சரியாக இருந்தும் மூளையில் இந்த வேலை தடுமாறுவதைத்தான் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறோம்.

இந்தக் குறைபாட்டைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2005இல் இதற்கான வரையறையையும் சோதனை முறையையும் வெளியிட்டது. ஆனால் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பில் இப்படி ஒரு குறைபாடே இல்லை. 2010இல் பிரிட்டனில் சுமார் 1,500 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதில் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் காதுவழிச் செயலாக்கத்தைவிடக் கவனமும் அறிவாற்றலும்தான் பெரிய காரணமாக இருந்தன என்றது அது. நான் இந்தச் சோதனைகளை எடுப்பவள்தான். அவற்றால் பயன் உண்டு என்று நம்புகிறேன். எந்தக் குழந்தைக்கு, எந்தக் கேள்விக்குப் பதில் தேடி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன ஆண்டு திடீரென்று ஏன் இப்படி ஆனான் என்று கேட்டிருந்தீர்கள். அவன் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை, அவனைச் சுற்றி நிறைய மாறிவிட்டது. இங்கே தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் சுமார் 30 பிள்ளைகள். தொடக்கநிலை 3இலிருந்து அது 40 வரை போகிறது. அறிவியல் பாடம் தொடங்குவது அந்த ஆண்டில்தான். முதல் இரண்டு ஆண்டுகளில் மதிப்பெண்ணோடு தேர்வு கிடையாது, தொடக்கநிலை 3இல்தான் அதுவும் வருகிறது. வகுப்பில் சத்தம் கூடுகிறது, புதுச் சொற்கள் குவிகின்றன, தப்பு செய்தால் தாளில் தெரிகிறது. சிறிய அளவில் எப்போதோ இருந்த சிரமம் அந்த ஆண்டில் வெளியே வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே “நன்றாக இருந்த பிள்ளை கைபேசியால் கெட்டுப்போனான்” என்ற முடிவுக்கு உங்கள் மாமியார் அவசரப்பட வேண்டியதில்லை. கைபேசி நேரத்தைக் குறைப்பது நல்லதுதான், இந்தக் கேள்விக்கு மட்டும் அது பதிலாகாது.

இனி அந்த இரண்டு தடயங்கள்.

“எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு” என்பதும், சின்ன வயதில் காதில் நீர் இருந்ததும் ஒன்றோடொன்று சேரும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும்போது கேட்கும் திறன் சற்றே மங்கும். ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல இருக்கும். குரல் இந்தப் பக்கமிருந்து வருகிறதா, அந்தப் பக்கமிருந்தா என்பதை மூளை இரண்டு காதுகளிலும் விழும் ஒலியை ஒப்பிட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்கிற வயதில் ஒலி மாறி மாறி மங்கினால், பின்னாளில் நீர் வற்றிப்போன பிறகும் இரைச்சலிலிருந்து ஒரு குரலைப் பிரிப்பது சிலருக்குக் கடினமாகவே இருந்துவிடுகிறது. நீங்கள் ‘இப்போது அதெல்லாம் இல்லை’ என்று கடைசியில் சேர்த்த அந்த வரியைத்தான் நான் கடிதத்தின் முதல் வரியாகப் படித்தேன்.

ஆனால் வாக்கியக் கணக்கு? அதை அவன் காதால் கேட்பதில்லை, கண்ணால் படிக்கிறான். “மாலாவிடம் ரவியைவிட 15 ஸ்டிக்கர்கள் குறைவு” என்ற வரி தாளில் அசையாமல் இருக்கிறது, மின்விசிறிச் சத்தம் அதை மறைப்பதில்லை. அங்கேயும் தடுமாறுகிறான் என்றால், செவிவழிச் செயலாக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மொழியைப் புரிந்துகொள்வதிலேயே சிரமம் இருக்கலாம், அல்லது படித்ததை மனத்தில் வைத்துக்கொள்வதில், அல்லது கவனத்தில். மொழி வளர்ச்சிக் குறைபாடு அரிதான ஒன்றல்ல. 2016இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றின்படி 100 பிள்ளைகளில் சுமார் 7 பேருக்கு அது இருக்கிறது. சத்தமில்லாமல் இருக்கும் குறைபாடு என்பதால் பலருக்கும் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. பேச்சு சரளமாக இருக்கும், உச்சரிப்பில் குறை இருக்காது. நீளமான வாக்கியம் வந்தால்தான் சிக்கல்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மூன்று படிகள் கொண்ட ஒரு வேலையை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். இன்னொரு நாள் அதேபோன்ற வேலையைத் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது சொல்லுங்கள். வேறொரு நாள் தாளில் எழுதிக் கொடுங்கள். அமைதியில் செய்து, சத்தத்தில் விட்டுவிட்டால் ஒரு விஷயம் தெரிகிறது. மூன்றிலும் விட்டால் வேறு விஷயம். பள்ளியின் கேட்டல் கருத்தறிதல் தேர்விலும் இதே குறிப்பு கிடைக்கும்: அறை அமைதியாக இருக்கும், ஒரே ஒரு குரல்தான் வரும். அதில் மதிப்பெண் நன்றாக இருந்து, வகுப்பில் மட்டும் சொன்னதைத் தவறவிட்டால், இரைச்சலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இவை சோதனைக்கு மாற்று ஆகா. ஆனால் எழுதி வைத்துக் கொண்டுபோனால் எங்களுக்குப் பெரிய உதவி.

எந்த வரிசையில் போவது

முதலில், காதை மறுபடி பாருங்கள். மருத்துவமனைச் சோதனை எப்போது நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. காதில் நீர் வந்து வந்து போகும் பிள்ளைக்கு நல்ல நாளில் எடுத்தால் எல்லாம் சரியென்றே வரும். செவிப்பறை அசைவதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி ஓரிரு நிமிடம்தான், வலிக்காது. சளியோ மூக்கடைப்போ இருக்கும் காலத்தில் அதை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் மொழி மதிப்பீடு. கவனம் பற்றிய மதிப்பீடு உளவியலாளரிடம். இந்த வயதுக்குப் பள்ளிதான் முதல் வாசல். கேகே மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுபோன்றவை பெரும்பாலும் பாலர்பள்ளி வயதுக் குழந்தைகளுக்கானவை. வகுப்பாசிரியரிடம் பேசி, பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரியைச் சந்திக்க நேரம் கேளுங்கள். தேவைப்பட்டால் உங்கள் சம்மதத்தோடு கல்வி அமைச்சின் உளவியலாளர் பார்வைக்கு அவர்கள் அனுப்ப முடியும். மொழி மதிப்பீட்டை ஆங்கிலத்தில் மட்டும் செய்து முடிக்க விடாதீர்கள். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைக்கவில்லையென்றால் பாட்டியை உடன் அழைத்துப் போங்கள். பாட்டி சொன்ன கதையை அவன் தமிழில் திருப்பிச் சொல்கிறானா, எத்தனை நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் சொல்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையான தகவல். உண்மையான மொழிக் குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்தால், இன்னும் ஆங்கிலம் போதாது என்றுதான் பொருள்.

இவை முடிந்த பிறகு செவிவழிச் செயலாக்கச் சோதனை. ஏழு வயதுக்குக் கீழே இதை நாங்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை, மூளையின் வளர்ச்சி பிள்ளைக்குப் பிள்ளை அவ்வளவு வேறுபடும். உங்கள் மகனுக்கு வயது சரிதான், நேரம் கடந்துவிடவில்லை.

சோதனையில் என்ன நடக்கும்

வலது காதில் ஓர் எண், இடது காதில் வேறோர் எண், ஒரே நேரத்தில் ஒலிக்கும், இரண்டையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பொதுவாக வலது காதில் நன்றாக வரும், இடது காது 11, 12 வயதுவாக்கில்தான் எட்டிப்பிடிக்கும். எனவே இடது காதில் சில தப்புகள் வந்ததற்காக யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். உயர்ந்த, தாழ்ந்த ஒலிகள் மூன்று வரும், ‘உயரம், தாழ்வு, உயரம்’ என்று வரிசையைச் சொல்ல வேண்டும். இரைச்சலுக்கு நடுவே வரும் நொடிக்கும் குறைவான மௌனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரைச்சலில் வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வகையில்தான் நம் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கக்கூடும். அந்த வாக்கியங்கள் ஆஸ்திரேலிய அல்லது அமெரிக்க உச்சரிப்பில் பதிவு செய்யப்பட்டவை. ஒப்பிடும் அளவுகோலும் ஆங்கிலத்தை மட்டுமே தாய்மொழியாகப் பேசும் அந்த நாட்டுப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. பாட்டியோடு தமிழில் வளர்ந்த ஒரு பிள்ளை அதில் குறைவாக எடுத்தால் அது காதின் குறையா, மொழியின் குறையா, உச்சரிப்புப் பழக்கமா? எண்களும் ஒலி வரிசைகளும் இந்த வகையில் நியாயமானவை, எண்கள் அவனுக்கு நன்றாகத் தெரியும், ஒலிக்கு மொழியே கிடையாது. எங்கே போனாலும் இதை நேரடியாகக் கேளுங்கள்: “மொழி சாராத சோதனைகளை எடுப்பீர்களா? இரண்டு மொழி பேசும் பிள்ளை என்பதை அறிக்கையில் எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்?” பதில் தெளிவாக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். 2005 வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு சோதனையில் மதிப்பெண் குறைந்ததால் குறைபாடு என்று சொல்வதும் பொதுவாகக் கூடாது, இரண்டு சோதனைகளிலாவது வயதுக்கான சராசரியைவிட மிகத் தாழ்ந்திருக்க வேண்டும். எல்லாச் சோதனையிலும், இரண்டு காதிலும், ஒரே மாதிரி குறைந்திருந்தால் நான் மறுபடி கவனத்தையும் மொழியையும்தான் பார்ப்பேன்.

அந்த 20 அமர்வுகள்

எடுக்காதீர்கள். சோதனையின் முடிவே வராதபோது சிகிச்சையை விற்பது முறையல்ல. வடிகட்டிய இசையை ஹெட்ஃபோனில் கேட்கவைக்கும் பயிற்சி புதிதல்ல. அது அறிவியல் தரத்தை எட்டவில்லை என்று நான் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கமே 2004இல் கூறிவிட்டது. குரல் வரும் திசையைப் பிரிப்பதில் குறை என்று தனியாக உறுதியானால், அதற்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு பயிற்சி உண்டு, அதற்கு நல்ல ஆய்வு முடிவுகளும் உண்டு. அது வேறு, இது வேறு. சோதனையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு அறிக்கையை வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத நிலையத்தை விட்டுவிடுங்கள்.

தமிழை நிறுத்தலாமா

இந்தக் கேள்வியைப் படித்தபோது மனம் கனத்தது. எத்தனை குடும்பங்களுக்கு இந்த அறிவுரை போகிறது! இரண்டு மொழி பேசுவதால் மொழிக் குறைபாடோ செவிவழிச் செயலாக்கக் குறைபாடோ வருவதில்லை, ஒன்றை நிறுத்துவதால் குணமாவதும் இல்லை. தமிழை நிறுத்தினால் உங்கள் மகன் எதை இழப்பான் என்று பாருங்கள். ஒரு நாளில் அவனோடு மிக நிதானமாக, மிக அதிகமாகப் பேசுகிறவர் பாட்டி. அந்தப் பேச்சுதான் அவனுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கேட்டல் பயிற்சி. ஆங்கிலம் வராத பாட்டி அவனோடு மௌனமாகிவிட்டால் அந்த இடத்தை நிரப்பப் போவது தொலைக்காட்சிதான். தொடக்கநிலை 6இன் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் தமிழ் அவனுக்கு ஒரு பாடமும்கூட. தேவையென்று வந்தால் தொடக்கநிலை 5இல் அடிப்படைத் தமிழ் எடுக்கும் வழி இருக்கிறது, அதைப் பள்ளியோடு அப்போது பேசிக்கொள்ளலாம்.

‘பல்லி’யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரே பேசும்போது ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டுவதில்லை. வீட்டில் காதில் விழாத வேறுபாட்டைப் பிள்ளை எப்படி எழுதுவான்? ர, ற குழப்பமும், ன, ண குழப்பமும் இப்படித்தான். வகுப்பில் பாதிப் பேர் செய்யும் தப்பு இது. இதை வைத்து எந்தக் குறைபாட்டையும் சந்தேகிக்காதீர்கள்.

பெயர் பின்னால் வருமா

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது, பிள்ளையைக் காக்க நினைக்கிறார். நீங்கள் தனியாக எடுக்கும் சோதனையின் அறிக்கை உங்கள் கைக்குத்தான் வரும். பள்ளிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பது பிஎஸ்எல்இ மதிப்பெண்ணை வைத்து. வேகம் குறைந்த பிரிவான வழக்கநிலைக்குத் தள்ளிவிடுவார்களோ என்று எழுதியிருந்தீர்கள். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே இல்லை, பாடத்துக்குப் பாடம் தரநிலையைத் தேர்ந்துகொள்ளும் முறை வந்துவிட்டது.

கொடுக்காமல் இருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாகிவிட்டது: ‘கவனிக்காதவன்’. அதை அவனே நம்பத் தொடங்கியிருப்பான். தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ தேவை என்று பின்னால் தெரிந்தால், தேசியத் தேர்வுகளை நடத்தும் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்துக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அண்மைக்கால அறிக்கைகளும் வேண்டும். தொடக்கநிலை 6 தொடங்கிய பிறகு ஓடுவது சிரமம். குறைபாட்டின் பெயர் இருந்தால் மட்டும் சலுகை கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம், தேவை என்னவென்றுதான் பார்ப்பார்கள்.

இப்போதே கேட்கக்கூடியவை

எந்த அறிக்கையும் வருவதற்கு முன்பே ஆசிரியரிடம் சிலவற்றைக் கேட்கலாம், எந்தக் காரணமாக இருந்தாலும் இவை உதவும். மின்விசிறிக்குக் கீழேயும் தாழ்வாரச் சன்னலுக்குப் பக்கத்திலும் இல்லாத இடம், ஆசிரியர் முகம் தெரியும் இடம். ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. நம் திறந்த சன்னல் வகுப்பறைகளில் கடைசி வரிசைக்கு அது கிடைப்பது கடினம், முன்னால் வந்தால் கிடைக்கலாம். படிப்படியான வேலைகளை வெண்பலகையில் சுருக்கமாக எழுதச் சொல்லுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். “என்ன செய்யப் போகிறாய், சொல்” என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களும் அப்படியே. சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் அருகில் போய், பெயர் சொல்லி, அவன் திரும்பியதும் பேசுங்கள். ஒலிவாங்கியை ஆசிரியர் அணிந்து, குரல் நேராகப் பிள்ளையின் காதுக்கு வரும் கருவிகளும் உண்டு. அதை முடிவுகள் வந்த பிறகு பேசலாம், இப்போது வாங்க வேண்டாம்.

செயலாக்கச் சோதனைக்குத் தேதி குறிக்கும்போது காலை நேரமாகக் கேளுங்கள், பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளையைச் சோதித்தால் களைப்பைத்தான் அளப்போம். இடைவேளைகளோடு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். சளி இருந்தால் தள்ளிப்போடுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகள், முக்கியமாகக் காதில் நீர் இருந்த காலத்துச் சீட்டுகள் ஏதேனும் இருந்தால் கொண்டு வாருங்கள். அவனிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: இதில் பாஸ், ஃபெயில் கிடையாது, சில ஒலிகள் வேண்டுமென்றே கடினமாக இருக்கும், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லலாம்.